ஒற்றையா, இரட்டையா?

இராசிபுரத்திலிருந்து நாமகிரிப்பேட்டை வழியாக ஆத்தூர் செல்லும் சாலையில் பேருந்தில் போகிறவர்கள் சன்னலோரம் உட்கார்ந்தால் இரண்டு காட்சிகளைத் தவறவிட முடியாது. ஒன்று, தெற்கே நீலப் புகை போல் நிற்கும் கொல்லிமலை. மற்றொன்று, சாலையோரத்தில் ஆங்காங்கே தகரப் பலகை தொங்கும் எடைமேடைகள். மலையைப் பற்றிக் கவி பாடியோர் பலர். எடைமேடையைப் பற்றி எழுத ஒருவரும் முன்வரவில்லை. அந்தக் குறையை இந்த ஆண்டு மலரில் நான் தீர்த்து வைக்கிறேன். அதற்கு எனக்குத் தகுதி உண்டு. என் தந்தையார் அத்தகைய ஓர் எடைமேடையில் 2003 முதல் சீட்டு எழுதுபவர்.

எழுதுபவர் என்பது பழக்கத்தில் வந்துவிட்ட சொல். உண்மையில் சீட்டை அச்சடிப்பது கணிப்பொறி. அதுவும் 2003-ல் பழைய பொருளாக வாங்கப்பட்டது; என்னைவிட இரண்டு வயது மூத்தது. விண்டோஸ் 98 கொண்ட பென்டியம் பெட்டி, மஞ்சள் பூத்த விசைப்பலகை, 'கிர்ர்' என்று இரைந்து அச்சடிக்கும் புள்ளி அச்சுப்பொறி. எடை போடும் நிரல் அதற்கும் பழைய டாஸ் காலத்தது. கறுப்புத் திரையில் ஒரு கட்டம். அந்தக் கட்டத்துக்குள் எடை. பாரத்தோடு ஒருமுறை, காலியாக ஒருமுறை வண்டி ஏறி இறங்கினால் நிகர எடை வரும். இவ்வளவுதான் அதற்குத் தெரியும். இவ்வளவே எங்கள் குடும்பம் நடக்கவும் நான் கல்லூரிக்கு வரவும் போதுமானதாக இருந்தது.

இயற்பியல் நண்பர்களுக்கு மேடையின் உள்ளுறுப்பை விளக்க வேண்டியதில்லை. இரும்புத் தளத்தின் கீழே பாரம் தாங்கும் உணரிகள் இருக்கின்றன. பாரம் ஏறும்போது அவற்றில் ஒட்டிய மெல்லிய கம்பிகள் சிறிதே நீண்டு, மின்தடை சிறிதே மாறும். முதலாண்டு ஆய்வகத்தில் நாம் கால்கள் வலிக்க நின்று சமன் செய்த வீட்ஸ்டோன் சமனச்சுற்றுதான் அங்கே பதினைந்து டன் லாரியை நிறுக்கிறது. அந்தச் சில மில்லிவோல்ட்டுகளை எண்ணாக்கிச் சிவப்பு எழுத்தில் காட்டும் பெட்டிக்கு 'இண்டிகேட்டர்' என்று பெயர். இண்டிகேட்டரிலிருந்து ஒரு கம்பி கணிப்பொறியின் முதுகிலுள்ள ஒன்பது ஊசித் துளைக்கு ஓடுகிறது. என் கதை முழுவதும் அந்தக் கம்பிக்குள் நடந்தது.

சென்ற ஆண்டு ஐப்பசி. குச்சிக்கிழங்கு அறுவடை சூடு பிடிக்கும் காலம். வெளியூர் நண்பர்களுக்குச் சொல்கிறேன்: மரவள்ளியைத்தான் எங்கள் பக்கம் குச்சிக்கிழங்கு என்போம். உங்கள் வீட்டுப் பாயசத்து ஜவ்வரிசியின் பிறப்பிடம் அது. 1940-களில், போரினால் கடல் கடந்து வந்த சேகோ நின்றுபோனபோது, சேலத்தில் இக்கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார்கள். பிறகு அது இந்தச் சமவெளியின் தொழிலாகவே ஆகிவிட்டது. ஆலைக்காரர்களுக்கென்று 1981-ல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கமும் ஏற்பட்டது. இவ்வளவு பெரிய தொழிலுக்கு மூலமான இந்தக் கிழங்கு மண்ணைவிட்டு வெளியே வந்தால் பூவினும் மென்மையானது. பிடுங்கி இரண்டு மூன்று நாட்களில் உள்ளே நீலமும் கறுப்புமாகக் கோடு பாயும். ஆகவே பிடுங்கிய கிழங்கு காத்திருக்கக் கூடாது. லாரியும் காத்திருக்கக் கூடாது. எடைச்சீட்டும் காத்திருக்கக் கூடாது.

ஒரு மாலை இடியுடன் மழை. மின்னல் எங்கே விழுந்ததோ, இண்டிகேட்டர் கருகிப் போயிற்று. பழுது பார்ப்பவர் வந்து வேறு நிறுவனத்தின் இண்டிகேட்டர் ஒன்றைப் பொருத்தினார். முறைப்படி சோதனைக் கற்கள் ஏற்றிப் பார்த்து, அதிகாரிகள் முத்திரையும் இட்டாயிற்று. சிவப்பு எழுத்தில் எடை கச்சிதமாகக் காட்டியது. ஆனால் கணிப்பொறியின் கட்டத்துக்குள் எண்களுக்குப் பதில் ஏதேதோ கிறுக்கல். பழுது பார்த்தவர் அரை மணி நேரம் தட்டிப் பார்த்துவிட்டு, "பெட்டி பழசாயிருச்சுங்க. புதுசா மாத்திருங்க" என்று சொல்லிக் கிளம்பிவிட்டார்.

அன்றிரவு அப்பா விடுதிக்குத் தொலைபேசியில் பேசினார். "கண்ணு, திரையில கோடு கோடா வருதுடா. நீ படிக்கிறதுல இதெல்லாம் வருமில்ல? ஒரு எட்டு வந்து பாக்கறயா?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அந்த டப்பாவைத் தூக்கிப் போடச் சொல்லுங்கப்பா. தீபாவளிக்கு வருவேனில்ல, அப்பப் பாத்துக்கலாம்" என்றேன். அடுத்த நாளும் பேசினார். அடுத்த நாளும் அதையே சொன்னேன். தேர்வோ வேறு நெருக்கடியோ எனக்கு இருக்கவில்லை. அறை நண்பர்களோடு ஒரு திரைப்படத்துக்குப் போயிருந்தேன் என்பதை இங்கே எழுதி வைப்பதே நேர்மை.

அந்த மூன்று நாட்களும் அப்பா சிவப்பு எழுத்தைப் பார்த்துக் கையால் சீட்டு எழுதிக் கொடுத்தார். மேடை முத்திரை பெற்றது, எடை உண்மையானது, எழுதியவரோ இருபத்திரண்டு ஆண்டுகளில் ஒரு கிலோவைக்கூட மாற்றி எழுதாதவர். ஆனால் ஆலை வாசலில், "கையால எழுதுன சீட்டுச் செல்லாதுங்க, கம்ப்யூட்டர் சீட்டுக் கொண்டாங்க" என்றார்கள். அவர்களையும் குறை சொல்வதற்கில்லை. கையெழுத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ செய்திருக்கிறார்கள். மலையடிவாரத்திலிருந்து கிழங்கு கொண்டுவந்த பெரியப்பா ஒருவர் (உறவல்ல, ஊர்ப் பழக்கம்) அப்பாவின் சீட்டோடு போய்த் திரும்பி, வேறு மேடையைத் தேடி, அங்கே வரிசையில் நின்று, இரவு கழிந்து மறுநாள்தான் ஆலைக்குள் நுழைந்தார். கிழங்கை முறித்துப் பார்த்தவர்கள் நீலக்கோடு ஓடிவிட்டது என்று விலையைக் குறைத்தார்கள். வாங்கிய பணத்தில் லாரி வாடகையும் பிடுங்கு கூலியும் போக மீந்தது மிகச் சொற்பம் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

தீபாவளிக்கு முந்தைய நாள் மாலை ஊர் போய்ச் சேர்ந்தேன். அப்பா எதுவும் கேட்கவில்லை. "சாப்பிட்டுட்டு வா" என்றார். எடைமேடை அறையில் அவர் நாற்காலியை எனக்கு விட்டுக் கொடுத்து, தாம் நின்றுகொண்டார். அதுவே எனக்கு என்னவோ போல் இருந்தது.

கம்பியின் முனையைக் கழற்றினேன். உள்ளே மூன்று கம்பிகள். பழைய இணைப்பில் இரண்டாம் ஊசியிலிருந்து இரண்டாம் ஊசிக்குப் போனதாக அப்பாவுக்கு நினைவு. இப்போதோ இண்டிகேட்டரின் மூன்றாம் ஊசிக் கம்பி கணிப்பொறியின் இரண்டாம் ஊசிக்குக் குறுக்காக ஓடுகிறது. ஆகா, கண்டுபிடித்துவிட்டேன்! பழுது பார்த்தவர் மாற்றிப் பற்ற வைத்துவிட்டார்! சூட்டுக்கோலை எடுத்துக் குறுக்கை நேராக்கினேன். மூன்றுக்கு மூன்று, இரண்டுக்கு இரண்டு, ஐந்துக்கு ஐந்து. பெருமையோடு செருகினேன்.

கிறுக்கலும் போயிற்று. கட்டம் வெறுமையாக நின்றது.

அப்பா, "பரவால்ல உடு, காலைல பாத்துக்கலாம்" என்றார். பட்டாசுச் சத்தம் ஊரெங்கும் கேட்டுக் கொண்டிருந்தது. வேறு வழியின்றி எங்கள் துறை விரிவுரையாளர் ஒருவருக்குத் தொலைபேசியில் பேசினேன். பண்டிகை நாளில் தொந்தரவு செய்கிறோமே என்ற கூச்சம் வேறு. அவரோ சிரித்தார். "தம்பி, நீ இரண்டு வாயை நேருக்கு நேர் வைத்துவிட்டாய், காது எங்கே?" என்றார்.

விளக்கமும் தந்தார். ஆர்.எஸ்.232 என்னும் இந்த ஏற்பாடு 1960-ல் அமெரிக்காவில் வகுக்கப்பட்டது. அக்காலத்தில் கம்பியின் ஒரு முனையில் தொலைதட்டச்சு, மறு முனையில் மோடம். ஒன்று பேசும் ஊசியில் மற்றது கேட்கும். ஆகவே நேர்க் கம்பி போதும். பிற்காலத்தில் இரண்டு கணிப்பொறிகளையோ, தன்னைக் கணிப்பொறியாகவே எண்ணிக்கொள்ளும் கருவியையோ இணைக்க வந்தபோது இரண்டுமே மூன்றாம் ஊசியில் பேசின. ஆகவே குறுக்குக் கம்பி வேண்டியதாயிற்று. இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. பழைய இருபத்தைந்து ஊசித் துளையில் கணிப்பொறி பேசுவது இரண்டாம் ஊசியில், கேட்பது மூன்றாம் ஊசியில். 1984-ல் ஐபிஎம் ஒன்பது ஊசித் துளையைக் கொண்டுவந்தபோது அது தலைகீழாயிற்று. தரைக் கம்பியும் ஏழிலிருந்து ஐந்துக்குப் போயிற்று. உலகில் எத்தனை பேர் இந்த ஒரு மாற்றத்தால் இரவு உறக்கம் இழந்தார்களோ!

"யார் பேசுகிறார், யார் கேட்கிறார் என்று ஊகிக்காதே. அளந்து பார். பல்மானியை நேர்மின் வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை ஐந்தாம் ஊசியில் வை. சிவப்பு முனையை இரண்டிலும் மூன்றிலும் மாறி மாறி வை. எதில் எதிர்க்குறியோடு ஒன்பது, பத்து வோல்ட்டு காட்டுகிறதோ அதுவே வாய்" என்றார். பேசாமல் சும்மா இருக்கும்போது இந்த ஏற்பாட்டில் கம்பி எதிர்மின்னில் நிற்கும். மைனஸ் மூன்றுக்குக் கீழே ஒன்று. பிளஸ் மூன்றுக்கு மேலே சுழி. பாடப்புத்தகத்தில் நேர்மின் ஐந்தை ஒன்று என்று படித்த எனக்கு இது அதுவரை தெரியாது.

தீபாவளியன்று காலை எண்ணெய் தேய்த்துக் குளித்த கையோடு, பக்கத்துத் தெரு மின்பணியாளரிடம் பல்மானி இரவல் வாங்கி வந்தேன். கணிப்பொறியின் மூன்றாம் ஊசி மைனஸ் பதினொன்று. இண்டிகேட்டரின் மூன்றாம் ஊசி மைனஸ் ஒன்பது, அதுவும் நடுங்கியபடி. பேசிக்கொண்டே இருக்கிறது என்பதற்கு அந்த நடுக்கம் அடையாளம். ஐயா சொன்னது சரி. இரண்டு வாய்கள். பழுது பார்த்தவரை மனத்துக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, கம்பியை அவர் பற்ற வைத்தபடியே குறுக்காக மாற்றினேன்.

இணைப்பதற்கு முன் கணிப்பொறியின் காது நலமாக உள்ளதா என்றும் பார்க்கச் சொல்லியிருந்தார். மின்னல் அதையும் தொட்டிருக்கலாம் அல்லவா? இதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. மின்கம்பியிலிருந்து ஒரு மெல்லிய செம்பு இழையை உருவி, துளையின் இரண்டாம் மூன்றாம் ஊசிகளை மட்டும் சேர்த்துச் சுற்றிவிட வேண்டும். இப்போது அதன் வாயை அதன் காதிலேயே வைத்தாயிற்று. விண்டோஸ் 98-ல் 'ஹைப்பர் டெர்மினல்' என்றொரு நிரல் இருக்கிறது. அதைத் திறந்து விசையைத் தட்டினால், தட்டிய எழுத்து திரையில் தோன்றவேண்டும். இழையை எடுத்துவிட்டால் தோன்றக் கூடாது. தட்டினேன், தோன்றியது. இழையை எடுத்தேன், நின்றது. அப்பா அருகில் குனிந்து பார்த்து, "அப்ப இதுக்குக் காது கேக்குது" என்றார்.

இண்டிகேட்டர் கம்பியைச் செருகினேன். பழைய கிறுக்கல் திரும்ப வந்தது. கிறுக்கலைக் கண்டு இவ்வளவு மகிழ்ந்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மீண்டும் ஐயாவுக்குப் பேசினேன். "கிறுக்கலில் இரண்டு சாதி உண்டு. வேகம் தப்பினால் வரும் கிறுக்கல் ஒன்று. அதில் எந்த எழுத்தும் தேறாது" என்றார். இந்தக் கம்பியில் கடிகாரம் கிடையாது. ஒரு விநாடிக்கு 9,600 துடிப்பு என்று இரு பக்கமும் முன்பே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு துடிப்புக்கும் விநாடியில் பத்து இலட்சத்தில் 104 பங்கு நேரம். எழுத்துத் தொடங்குகிறது என்பதற்கு ஒரு துடிப்பு, பிறகு எழுத்து, முடிந்தது என்பதற்கு ஒரு துடிப்பு. கேட்பவர் தொடக்கத் துடிப்பில் தம் கடிகாரத்தைத் தட்டிவிட்டு எண்ணுகிறார். இருவர் கடிகாரமும் நூற்றுக்கு ஐந்து அளவில் வேறுபட்டாலே கடைசித் துடிப்பு கைநழுவும். ஒருவர் 2,400-லும் மற்றவர் 9,600-லும் இருந்தாலோ கேட்கவே வேண்டாம்.

"இன்னொரு சாதிக் கிறுக்கலில் சில எண்கள் மட்டும் எப்போதும் சரியாக வரும். உன்னுடையது எது?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. அப்பாவைப் பார்த்தேன். அவர் மேசை இழுப்பறையிலிருந்து நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்து நீட்டினார். கிறுக்கல் தொடங்கிய முதல் நாளிலிருந்து, ஒவ்வொரு வண்டிக்கும் சிவப்பு எழுத்தில் வந்த எடையையும், அதன் எதிரே திரையில் தெரிந்ததையும் பென்சிலால் வரைந்து வைத்திருந்தார்! எழுத்தாகத் தெரிந்ததை எழுத்தாகவும், கட்டமாகத் தெரிந்ததைக் கட்டமாகவும். 5,690 என்பதற்கு எதிரே 'சரி'. 12,470 என்பதற்கு எதிரே, இலேசாகப் புள்ளி போட்ட கட்டம், அடர்த்தியாகப் புள்ளி போட்ட கட்டம், குறுக்கே ஒரு முள் வைத்த நெடுங்கோடு, ஒரு மூலை, கடைசியில் ஒழுங்கான சுழி. 13,840 என்பதில் மூன்றும் சுழியும் மட்டும் ஒழுங்கு. 6,935 'சரி'.

முன்னே சொன்ன பெரியப்பாவின் வண்டிதான் அந்த 12,470. திரும்பும்போது காலி எடை 5,690, நிகரம் 6,780. இரண்டும் அடுத்தடுத்த வரிகளில் இருந்தன. நான் அந்த இடத்தில் சற்று நின்றுவிட்டேன்.

"காலி வண்டி பெரும்பாலும் சரியா வருது, பாரவண்டிதான் தப்பா வருதுன்னு நெனச்சேன். ஆனா அப்படியும் இல்ல. கடைசி எண்ணு மட்டும் ஒருநாளும் தப்பல" என்றார் அப்பா.

நோட்டைப் பார்த்து ஒவ்வோர் எண்ணாக ஐயாவுக்குப் படித்தேன். எப்போதும் சரியாக வருபவை: 0, 3, 5, 6, 9. எப்போதும் கெடுபவை: 1, 2, 4, 7, 8. ஒருமுறைகூட மாறவில்லை. எடைக்குப் பின்னால் வரும் கே, ஜி என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளையும் அப்பா வரைந்திருந்தார். அவை எனக்குப் பழக்கமானவை. கிரேக்க டெல்டாவும் டௌவும். நம் பாடக் குறிப்பேடுகளில் நாள்தோறும் எழுதுபவை, கிழங்கு லாரிக்கு எதிரே உட்கார்ந்திருந்தன.

மறுமுனையில் சிறிது நேரம் அமைதி. பிறகு, "தம்பி, சின்ன வயதில் புளியங்கொட்டை வைத்து ஒற்றையா இரட்டையா விளையாடியிருக்கிறாயா?" என்றார்.

ஒரு தாளை எடுத்து எண்களை இரும எண்ணாக எழுதச் சொன்னார். எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் ஆஸ்கி முறை 1963-ல் வந்தது. அதில் ஓர் எழுத்துக்கு ஏழு இடங்களே. 3 என்பது 0110011. எத்தனை ஒன்றுகள்? நான்கு, இரட்டை. 5 என்பது 0110101, நான்கு, இரட்டை. 0, 6, 9 எல்லாம் இரட்டை. 1 என்பது 0110001, மூன்று, ஒற்றை. 2, 4, 8 மூன்று மூன்று, 7-க்கு ஐந்து. எல்லாம் ஒற்றை. நோட்டிலே சரியும் தவறுமாக அப்பா பிரித்திருந்த அதே பிரிவு! கே, ஜி இரண்டிலும் ஐந்தைந்து ஒன்றுகள், ஒற்றை.

நடந்தது இதுதான். புதிய இண்டிகேட்டர் ஏழு இடத்தில் எழுத்தை அனுப்பி, எட்டாவது இடத்தில் ஒரு காவல் துடிப்பை வைக்கிறது. ஒன்றுகளின் எண்ணிக்கை ஒற்றையாக இருந்தால் தானும் ஒன்றாகி இரட்டையாக்கும். இரட்டையாக இருந்தால் சுழியாகச் சும்மா இருக்கும். வழியில் ஏதாவது ஒரு துடிப்பு கெட்டால், கேட்பவர் ஒற்றை வந்ததைக் கண்டு பிழையை உணரலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் நம் பழைய நிரலுக்கு அந்தப் பேச்சு தெரியாது. அது எட்டு இடமும் எழுத்தே என்று எண்ணுகிறது. காவல் துடிப்பு சுழியாக உள்ள எண்கள் மட்டும் எண்களாகவே விழுகின்றன. ஒன்றாக உள்ளவை பட்டியலில் மேல்பாதிக்குத் தாவி, பெட்டி வரையும் கோடுகளாகவும் கிரேக்க எழுத்துகளாகவும் விழுகின்றன. இரண்டு முறையிலும் மொத்தம் பத்துத் துடிப்பு என்பதால் வேறு எந்தத் தடுமாற்றமும் இல்லை. மேடை ஐந்து கிலோ அல்லது பத்துக் கிலோ படியில் எடை காட்டுவது. ஆகவே கடைசி எண் சுழி அல்லது ஐந்து, இரண்டுமே இரட்டை. அப்பா கண்ட அதிசயத்துக்கும் விடை கிடைத்தது.

இண்டிகேட்டரின் உள்ளமைப்பை மாற்றலாம். ஆனால் அதன்மேல் முத்திரைக் கம்பி தொங்குகிறது. அதில் கைவைக்க அப்பா உடன்படவில்லை; சரியான முடிவு. கணிப்பொறிப் பக்கத்தில் தேடினேன். நிரல் இருந்த இடத்திலேயே ஒரு சிறு அமைப்புக் கோப்பு. அதில் ஒரு வரி: 9600, என், 8, 1. 'என்' என்றால் காவல் இல்லை. அதை 'ஈ' என்றும் எட்டை ஏழு என்றும் மாற்றினேன். இரண்டு எழுத்துகள். நிரலை மறுபடி தொடங்கினேன். வெளியே பண்டிகையானதால் வண்டி ஏதும் இல்லை. அப்பாவே போய் மேடைமேல் ஏறி நின்றார். 65 என்று காட்டியது. சிவப்பிலும் 65, திரையிலும் 65. ஆனால் ஆறும் ஐந்தும் முன்பும் சரியாக வந்தவை அல்லவா? தெருவில் பட்டாசு வெடித்துக்கொண்டிருந்த இரண்டு பையன்களைக் கூப்பிட்டு ஏற்றினோம். அவர்கள் குதித்த குதியில் எண் நிலைகொள்ளவே நேரமாயிற்று. கடைசியில் 125. ஒன்றும் இரண்டும் ஒன்றும் இரண்டுமாகவே நின்றன. அப்பா அச்சு விசையைத் தட்டினார். கிர்ர்.

அன்று மாலை ஐயாவுக்கு நன்றி சொல்லப் பேசியபோது அவர் தம் பள்ளிக் கதை ஒன்றைச் சொன்னார். 1984-ல் நடுவண் அரசு 'கிளாஸ்' என்ற திட்டத்தில் முதலில் 250 பள்ளிகளுக்குப் பிரிட்டனின் பிபிசி மைக்ரோ கணிப்பொறிகளைக் கொடுத்தது. அவர் படித்த பள்ளிக்கும் அவை வந்தன. அதில் ஒரு தொடர் இணைப்புத் துளை. ஐந்து ஊசிகள், தாயக்கட்டையின் ஐந்து போல நான்கு மூலையிலும் நடுவிலுமாக. அச்சுப்பொறியை இணைத்துவிட்டு ஆசிரியரும் மாணவர்களும் இரண்டு நாள் போராடினார்களாம். வேகத்தை மாற்றுகிறார்கள்; கட்டளையை மாற்றுகிறார்கள்; ஓர் எழுத்தும் விழவில்லை. இரண்டாம் நாள் மாலை, வகுப்பு கூட்ட வந்த ஆயா தரையைத் துடைக்கக் கம்பியைப் பிடுங்கி மறுபடி செருக, அச்சுப்பொறி தானாக ஓடத் தொடங்கிற்று. அந்தச் செருகி தலைகீழாகவும் துளையில் பொருந்தும்! நடு ஊசி மட்டும் தன் இடத்தில் இருக்க, மற்ற நான்கும் இடம் மாறிப் போகும். "அன்று முதல் எதையும் ஊகிப்பதில்லை தம்பி" என்றார்.

தை மாதம் உரிமையாளர் புதிய கணிப்பொறி வாங்கினார். வாங்கத்தான் வேண்டும், பழையதின் விசிறி கூச்சலிடத் தொடங்கியிருந்தது. சிக்கல் என்னவெனில் 2003 முதலான கணக்கு முழுவதும் பழையதின் வயிற்றில். நெகிழ்வட்டு இயக்கி என்றோ இறந்துவிட்டது. விண்டோஸ் 98-க்குப் பென்டிரைவை அடையாளம் தெரியவில்லை. வட்டைக் கழற்ற உரிமையாளருக்கு அச்சம். மீண்டும் அதே ஒன்பது ஊசித் துளைதான் வழி. புதியதில் அந்தத் துளையே கிடையாது. யுஎஸ்பி-யிலிருந்து மாற்றித் தரும் ஒரு சிறு கம்பியைச் சேலத்தில் வாங்கினேன். இம்முறை இரண்டுமே கணிப்பொறி. ஆகவே குறுக்குக் கம்பி. முதலில் விநாடிக்கு 1,15,200 என்ற வேகத்தில் அனுப்பினேன், எழுத்துகள் உதிர்ந்தன. என் கம்பியில் மூன்று இழைகளே. "சற்றுப் பொறு" என்று சொல்வதற்கான இழைகளை நான் இணைக்கவில்லை. அவற்றை இணைக்கச் சோம்பி வேகத்தை 19,200-க்கு இறக்கினேன். பன்னிரண்டு மெகாபைட்டுக் கோப்பு. ஒரு விநாடிக்கு 1,920 எழுத்து. ஒரு மணி நாற்பத்தொன்பது நிமிடம் ஆயிற்று. அப்பா அந்நேரம் முழுவதும் திரையில் எண் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். நடுவில் வந்த இரண்டு வண்டிகளுக்கு, "கொஞ்சம் இருங்க, சரக்கு இறங்குது" என்றார்.

ஒன்று விட்டுப்போயிற்று. கார்த்திகையில் அந்தப் பெரியப்பா மறுபடி கிழங்கு கொண்டுவந்தார். அன்று விடுமுறையாதலால் நானும் அறையில் இருந்தேன். பாரத்தோடு 13,840. கணிப்பொறி அப்படியே அடித்தது. நான் விடுதியில் சும்மா இருந்த மூன்று நாட்களைப் பற்றி அவரிடம் சொல்லவேண்டும் என்று எழுந்தேன். "ஏனுங் கண்ணு, நல்லாப் படிக்கிறயா?" என்று அவரே முந்திக் கேட்டார். "படிக்கிறேனுங்க பெரியப்பா" என்றேன். சீட்டை நாலாக மடித்துத் துண்டில் முடிந்துகொண்டு, "ஆலையில வரிசை ஜாஸ்தியாம், வரனுங்க" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு லாரியில் ஏறினார்.

அப்பா அந்த எடையை நோட்டிலும் குறித்துக்கொண்டிருந்தார்.